நாகூரில் பிறந்தவன்

சைகோன்
9 செப்டம்பர் 1962

ஜெய்த்தூனுக்கு உன் கூடப்பிறந்த நானா நத்தர்ஷாவின் சலாம்.

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடலாமா என்று யோசித்திருப்பாய். படித்துவிட்டுப் போடு. ஏழு வருடம் எழுதாதவன் இப்போது எழுதினால் அதில் காரியம் இருக்கும் என்று உனக்குத் தெரியும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போன மாதத்தோடு புதுச்சேரியும் காரைக்காலும் சட்டப்படியே இந்தியாவின் ஊர்கள் ஆகிவிட்டன என்று இங்கே பிரெஞ்சு கான்சல் ஆபீஸ் வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து நம் ஆட்கள் எல்லோரும் கடையைப் பாதி மூடிவிட்டு அங்கே வரிசையில் நிற்கிறோம். காரைக்காலில் பிறந்து இங்கே குடியிருப்பவனுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை அப்படியே நிற்குமாம். பிறந்ததற்கு மட்டும் சான்று காட்ட வேண்டும். நான் கப்பல் ஏறியபோது கொடுத்த கார்டில் பெயர் இருக்கிறது, போட்டோ இருக்கிறது. பிறந்த ஊர் எழுதிய இடத்தில் தண்ணீர் பட்டு மை கரைந்துபோயிருக்கிறது.

ஜூல் என்று புதுச்சேரிக்காரர் ஒருவர் அந்தப் பிரிவில் குமாஸ்தா. நல்ல மனுஷன். "இருபத்தஞ்சு வருஷமா பிரெஞ்சுப் பிரஜையாத்தானே இங்க இருக்கேன், இன்னும் என்ன வேணும்?" என்று கேட்டேன். "எங்க இருக்கீங்கன்னு யாரும் கேக்கல நத்தர்ஷா. எங்க பொறந்தீங்கன்னுதான் கேக்குறாங்க" என்றார்.

எனக்காக மட்டும் என்றால் இந்த அலைச்சல் வேண்டாம் என்று விட்டிருப்பேன். என் மகன் அப்துல் முத்தலிபுக்கு வருகிற மாசியில் இருபது முடிகிறது. இருபதானால் இந்த ஊர்ப் பட்டாளத்தில் சேர வேண்டும். நான் பிரெஞ்சுக்காரன் என்று நிரூபித்தால் அவனும் பிரெஞ்சுக்காரன், தொடமாட்டார்கள். இல்லையென்றால் அவன் தாயின் ஊர்க்காரன். நபீசா இந்த நாட்டுப் பெண்தானே. வீட்டுக் குடும்ப அட்டையும் அவள் பெயரில்தான் இருக்கிறது. தெருமுனைகளில் போலீஸ் நின்று பையன்களின் அட்டையை வாங்கிப் பார்க்கிறது. அவன் காலேஜிலிருந்து வந்து சைக்கிளைச் சுவரில் சாத்தும் சத்தம் கேட்கும்வரை எனக்கு ஒரு வேலையும் ஓடுவதில்லை.

நம் முனிசிபல் ஆபீஸ் மேரிக்குப் போய் என் பிறப்புச் சான்றை எடுத்து அனுப்பு. என்மேல் உனக்கு உள்ள கோபம் எல்லாம் அப்படியே இருக்கட்டும். இதை மட்டும் செய்.

நத்தர்ஷா


காரைக்கால்
11 அக்டோபர் 1962

நானாவுக்கு,

அடுப்பில் போடவில்லை. படித்தேன். மறுநாளே மேரிக்கும் போனேன்.

வாசலில் பெயர்ப்பலகையை இறக்கி வைத்திருக்கிறார்கள், புதியது இன்னும் வரவில்லை. பிறப்பு, இறப்பு பதியும் எத்தா சிவில் அறையில் பழைய குமாஸ்தா போய்ப் புதியவர் உட்கார்ந்திருக்கிறார். பாவம், அவருக்குப் பிரெஞ்சு எழுத்தைக் கூட்டித்தான் படிக்க வருகிறது. நீ பிறந்த வருடம், அதற்கு முந்தியது, பிந்தியது எல்லாவற்றையும் புரட்டினோம். உன் பெயர் இல்லை. எப்படி இருக்கும்? நீ காரைக்காலில் பிறக்கவில்லை. தலைப்பிரசவம் என்று உம்மா தாய்வீட்டுக்கு நாகூர் போனார்கள். வாஞ்சூர் சாவடிக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் ராஜ்ஜியத்தில் உன்னைப் பெற்றுக் கையில் ஏந்தி வந்தார்கள். இதை உம்மா எத்தனை முறை சொல்லியிருக்கிறார்கள்! உனக்கு மறந்திருக்காது. பதிவில் எப்படியாவது இருக்கும் என்று நினைத்து என்னை அனுப்பியிருக்கிறாய்.

என் பெயர் இருந்தது. தம்பி பக்கீர் மைதீன் பெயரும் இருந்தது. அவன் பக்கத்தை அந்த ஆள் திருப்பப் போனார், நான் விரலை வைத்துக்கொண்டேன். பிறந்த நாள் எழுதியிருக்கிறது, ஓரத்தில் நஜ்முன்னிசாவோடு நிக்காஹ் ஆனது எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். மேரியைப் பொறுத்தவரை அவன் உயிரோடு இருக்கிறான்.

நீ கூப்பிட்டாய், அவன் சைகோன் வந்தான். ஐந்தாவது மாதம் தந்தி வந்தது. ஊரில் சண்டை, குண்டு விழுந்து மௌத்தாகிவிட்டான், அடக்கம் முடிந்தது என்று இரண்டு வரி. எங்கே போனான், யார் கூட இருந்தார்கள், ஒன்றும் இல்லை. நஜ்முன்னிசாவுக்காக ஒரு சாவுச் சான்று அனுப்பு என்று நான் எழுதின கடிதங்கள் உன் வீட்டில் எந்த மூலையில் கிடக்கின்றனவோ! உம்மா மௌத்துக்கும் நீ ஒரு வார்த்தை எழுதவில்லை.

இப்போது நீ எங்களிடம் சான்று கேட்கிறாய்.

முத்தலிபுக்கு என் துஆ. அவன் போட்டோ ஒன்று அனுப்பு. நபீசாவுக்கும் சலாம் சொல், பெயரைச் சொல்ல என் நாக்கு இப்போதுதான் பழகுகிறது.

ஜெய்த்தூன் பீவி


சைகோன்
6 நவம்பர் 1962

ஜெய்த்தூனுக்கு,

நீ எழுதியது எல்லாம் நியாயம். பக்கீர் மௌத்தான நேரத்தில் இந்த ஊர் டவுன் ஹாலைப் பிரெஞ்சுக்காரன் இவர்களிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தான். நான் போய்ப் பதியும்படி கேட்டேன். அடுத்த வாரம் வா என்றார்கள். அடுத்த வாரம் வேறு ஆள் இருந்தான், மறுபடி வா என்றான். அப்புறம் நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது.

ஜூலிடம் நாகூர் விஷயத்தைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வெளியே பிறந்தவன் என்றால் வாப்பாவின் பூர்வீகத்தை நிரூபிக்க வேண்டும், பைல் பாரீசுக்குப் போக வேண்டும், எப்போது திரும்பும் என்று அவருக்கே தெரியாது. மாசிக்குள் வராது, அது மட்டும் நிச்சயம்.

அதனால் ஒன்று கேட்கிறேன்.

நீதான் எழுதினாய், மேரியைப் பொறுத்தவரை தம்பி உயிரோடு இருக்கிறான் என்று. அவனுடைய பிறப்புச் சான்றை எடுத்து அனுப்பு. என் பெயர் வீட்டில் நத்தர்ஷா, பதிவில் பக்கீர் மைதீன் என்று சொல்லிக்கொள்வேன். நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இரண்டு பெயர் உண்டு, ஜூலும் துருவிக் கேட்க மாட்டார். வயதில் ஏழு வருடம் குறையும். என் முகத்தைப் பார்த்து யார் எண்ணப் போகிறார்கள்?

அவன் போய்ச் சேர்ந்துவிட்டான், ஜெய்த்தூன். அந்தப் பெயர் சும்மாதான் கிடக்கிறது. இங்கே ஒரு பையன் உயிரோடு இருக்கிறான். அவனுடைய காலேஜ் நண்பன் ஒருவன் போன வருடம் பட்டாளத்துக்குப் போனான். நேற்று அவன் வீட்டு வாசலில் சாவுக்கு வெள்ளைத் துணி கட்டியிருந்தது. முத்தலிப் அந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். நபீசா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நீயாக இருந்தாலும் அதைத் தாங்கியிருக்க மாட்டாய்.

போட்டோ வைத்திருக்கிறேன். நெற்றி நம் வாப்பாவுடையது, பார்.

நத்தர்ஷா


காரைக்கால்
12 டிசம்பர் 1962

நானாவுக்கு,

போட்டோ வந்தது. மூக்கும் வாப்பாவுடையதுதான்.

நீ கேட்டதைத் தர முடியாது. காரணத்தைக் கேட்டுவிட்டு என்னைத் திட்டு.

நஜ்முன்னிசா என்னோடுதான் இருக்கிறாள். உன் தந்தி வந்தபோது அவளுக்கு இருபத்து நாலு வயது. நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடித்தாள், அதற்குப் பிறகும் தலையைக் குனிந்தபடியே என் வீட்டில் வேலை செய்துகொண்டிருக்கிறாள். இப்போது திருநள்ளாறு ரோட்டுப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் பெண் கேட்டு வந்திருக்கிறார். மனைவியை இழந்தவர், குணமானவர். அவளுக்கும் மனசு இருக்கிறது, எனக்குத் தெரியும், இந்த ஒரு மாதமாக அடுக்களையில் பாடுகிறாள். அவர் அரசாங்கச் சம்பளக்காரர், மேரியில் பதியாமல் நிக்காஹ் செய்ய முடியாது. மேரிக்காரன் முதல் புருஷனின் சாவுச் சான்று எங்கே என்கிறான்.

இப்போது நீ பக்கீர் மைதீனாக எழுந்து சைகோனில் நடமாடினால் அவள் யார்? புருஷன் இருக்கிறவள். காகிதத்தில் உன் மனைவி. நபீசா யார்? இதையெல்லாம் யோசித்தாயா, இல்லை பையனைத் தவிர ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லையா?

ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. நாகூருக்குப் பஸ் ஏறினேன். முனிசிபாலிட்டி ஆபீசில் நாள் முழுக்க உட்கார்ந்து உன் வருடத்துப் பதிவைத் தேட வைத்தேன். கிடைத்தது. பெயர் போடவில்லை. ஆண் குழந்தை, தகப்பன் இன்னார், காரைக்கால்வாசி, பிரெஞ்சுப் பிரஜை என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறது. நகல் வாங்கிவிட்டேன். வாப்பாவின் பிறப்புச் சான்றை இங்கே மேரியில் எடுத்துவிட்டேன். இரண்டும் இதோடு இருக்கின்றன. இது நேர் வழி. நேரம் ஆகும் என்றால் ஆகட்டும்.

இன்னொன்று. இங்கே பிரெஞ்சாகவே இருக்க வேண்டும் என்கிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை, சும்மா இருந்தே இந்தியர் ஆகப் போகிறோம். சீனாக்காரனோடு சண்டை வந்தபோது தெருவில் தங்கம் கேட்டு வந்தார்கள். கழுத்துச் செயினைக் கழற்றிக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் தோன்றியது, நான் இந்த நாட்டுக்காரிதான் என்று. நீ உன் நாட்டுக்காக இப்படித் தவிக்கிறாயா, மகனுக்காகவா? மகனுக்காக என்றால் அதைத் தப்பு சொல்ல மாட்டேன்.

ஜெய்த்தூன் பீவி


சைகோன்
28 ஜனவரி 1963

ஜெய்த்தூன்,

நேர் வழி என்று எழுதினாய். வந்து பார், உன் நேர் வழி எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று.

நீ அனுப்பியதை ஜூலிடம் கொடுத்தேன். ரொம்பச் சுத்தமான பைல் என்று பாராட்டினார், பாரீசுக்கு அனுப்பிவிட்டார். பாராட்டு பட்டாளத்தை நிறுத்துமா? போன வெள்ளிக்கிழமை நான் பள்ளிவாசலிலிருந்து வரும்போது மேஜைமேல் உத்தரவு கிடந்தது. மார்ச்சில் ஆஜராக வேண்டும். படித்த பையன் என்பதால் துடுக் என்ற ஊரில் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியாம். சைகோனைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு மைல்தான். ஆயிரம் மைலாக இருந்தால் என்ன, பத்தாக இருந்தால் என்ன.

அன்று அவனிடம் பக்கீர் பெயரை எடுக்கும் யோசனையைச் சொல்லிவிட்டேன். அத்தையிடம் இன்னும் ஒரு முறை கேட்கிறேன், சான்று வந்தால் உன்னை யாரும் தொட முடியாது என்றேன். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"சாச்சா பேரையா?" என்றான்.

"பேருதானேடா. காகிதத்துல மட்டும்."

"வாப்பா, நான் யாருன்னு ஆபீஸ் ஆபீஸா ஏறிக் கேட்டுக்கிட்டிருக்கீங்க. என்கிட்ட ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

"நீ சின்னப் பையன், உனக்கென்ன தெரியும்?"

"துப்பாக்கி குடுக்குறவன் அப்படி நெனைக்கலையே."

கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை, ஓங்கினேன். நபீசா நடுவில் வந்து நின்றாள். அவர்கள் பாஷையில் அவனிடம் ஏதோ சொன்னாள், எனக்குப் பாதிதான் புரிந்தது. அவன் ஒரு பையில் இரண்டு சட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எங்கே என்று தெரியவில்லை. அவன் நண்பர்கள் வீட்டுக் கதவையெல்லாம் தட்டிவிட்டேன். காலேஜ் வாசலில் நின்றேன். ஆற்றங்கரையில்கூட தேடினேன், என்ன நினைத்துத் தேடினேன் என்று கேட்காதே.

உன்னால்தான் இது என்று எழுத ஆரம்பித்தேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். ஆனாலும் நினைப்பு போகவில்லை. நவம்பரில் நான் கேட்டபோதே நீ அனுப்பியிருந்தால் என் பிள்ளை இன்று வீட்டில் இருப்பான். ஒரு பெண்ணின் நிக்காஹ் ஒரு வருடம் தள்ளிப்போனால் அவள் சாகமாட்டாள். அதை அனுப்பு. காலில் விழச் சொன்னால் விழுகிறேன்.

நத்தர்ஷா


காரைக்கால்
4 மார்ச் 1963

நானாவுக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் வீட்டில் இல்லை. நஜ்முன்னிசா பிரித்துப் படித்துவிட்டாள். நான் இருந்திருந்தால் கடைசி வரிகளை அவள் கண்ணில் படாமல் மறைத்திருப்பேன்.

அவள் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். மத்தியானம் வந்து என் மடியில் ஒரு உறையை வைத்தாள். மேரிக்குத் தனியாகப் போய், இவர் என் புருஷன், அவருடைய பிறப்புச் சான்று வேண்டும் என்று கேட்டு வாங்கி வந்திருக்கிறாள்.

"என்ன காரியம் பண்ணினே!" என்று கத்தினேன்.

"அனுப்பிருங்க லாத்தா. அந்தப் புள்ள பொழைக்கட்டும்."

"வாத்தியாருக்கு என்ன சொல்றது?"

"கொஞ்சம் பொறுக்க முடியுமான்னு கேளுங்க. முடியலன்னா அதுவும் சரிதான்."

வாத்தியாரை வரச் சொல்லி நானே சொன்னேன். முழுதும் சொல்லவில்லை, காகிதம் வரத் தாமதம் ஆகும் என்று மட்டும் சொன்னேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அடுக்களையில் சத்தம் இல்லை.

சான்று இதோடு இருக்கிறது. எனக்கு இதில் சம்மதம் இல்லை, அவளுக்குச் சம்மதம். என்ன செய்வாயோ உன் பாடு. பையன் கிடைத்தானா? முதலில் அதை எழுது. ஒரு வரி போதும். தபால்காரன் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வாசலுக்கு வந்து நிற்கிறேன்.

ஜெய்த்தூன் பீவி


சைகோன்
2 ஜூன் 1963

அன்புள்ள ஜெய்த்தூனுக்கு,

பையன் இருக்கிறான். முதலில் அது.

வீட்டை விட்டுப் போன நாலாவது நாள் அவனாகவே பட்டாள ஆபீசுக்குப் போய், தாயின் பெயரைச் சொல்லிப் பதிந்துகொண்டிருக்கிறான். துடுக் பயிற்சிப் பள்ளியில் இருப்பதாக அவன் தாய்க்குத்தான் முதலில் செய்தி வந்தது. அவள் சில நாள் என்னிடம் சொல்லவில்லை.

உன் கடிதம் வந்ததும் நஜ்முன்னிசா கொடுத்த சான்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஜூலிடம் போனேன். நான் அதை வெளியே எடுக்கவில்லை. இப்படி ஒரு சான்று வந்தால் சேர்ந்த பையனையும் வெளியே எடுக்க முடியுமா என்று மட்டும் கேட்டேன். பையன் கையெழுத்துப் போட்டால் கான்சல் கேட்டு எழுதுவார் என்றார். ஞாயிற்றுக்கிழமை நபீசாவும் நானும் துடுக் போனோம்.

கேட்டுக்கு வெளியே ஒரே கூட்டம். தாய்மார்கள் எல்லாம் கூடையில் சோறு, பழம் கொண்டுவந்து புல்தரையில் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். முத்தலிப் வந்தான். தலையை மழித்திருந்தான், காது இரண்டும் தனியாகத் தெரிந்தன. தாய் ஊட்டினாள், சாப்பிட்டான். நான் சான்றை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். நஜ்முன்னிசா எப்படி அதைக் கொடுத்தாள் என்பதையும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் அதற்குமேல் அவனிடம் எதையும் மறைக்க எனக்குத் தெம்பில்லை.

அவன் அதைத் தொடவில்லை.

"சாச்சா எனக்காக ஒரு தடவ செத்துட்டாரு வாப்பா. இன்னொரு தடவ அவரச் சாகடிக்கச் சொல்றீங்களா?"

அவன் அப்படிச் சொன்ன பிறகுதான் இதை எழுத எனக்கு முடிகிறது. கேள். அந்த ஏப்ரலில் சர்க்காருக்கும் பின் சுயென் என்ற கும்பலுக்கும் சண்டை மூண்டபோது முத்தலிப் சோலோன் பேட்டையில் பள்ளிக்கூடத்தில் இருந்தான். பன்னிரண்டு வயது. நான் கடையில் இருந்தேன், தெருவில் இறங்கக் கால் வரவில்லை. பக்கீர்தான், "நீங்க இருங்க நானா, நான் போய்ப் புள்ளைய கூட்டிட்டு வர்றேன்" என்று சைக்கிளை எடுத்தான். பையனை முன்னால் உட்கார வைத்துத் திரும்பி வரும்போது தெருவின் இரு பக்கமும் எரிந்துகொண்டிருந்தது. எங்கிருந்தோ வந்த குண்டு. பக்கீர் பையன் மேல் விழுந்து மூடியிருக்கிறான். பையனுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். நாங்கள் நாலு பேர் போய்த்தான் தம்பியின் மையத்தைத் தூக்கி வந்தோம். சந்தாக்கு கிடைக்கவில்லை, கடைக் கதவைக் கழற்றி அதில் வைத்துத் தூக்கினோம்.

இதை நஜ்முன்னிசாவுக்கு எந்தக் கையால் எழுதுவது? என் பிள்ளை வந்தான், உன் புருஷன் வரவில்லை என்றா?

துடுக்கிலிருந்து பஸ்ஸில் திரும்பினோம். மறுநாள் காலையில் ஆபீஸ் திறக்கும்போதே ஜூல் முன்னால் போய் நின்றேன்.

"என் தம்பி பக்கீர் மைதீன் இந்த ஊர்ல மௌத்தாயிட்டான். நான் கண்ணால பாத்தவன். எழுதிக்கங்க."

ஜூல் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லா யோசிச்சீங்களா நத்தர்ஷா? இதுல கையெழுத்துப் போட்டா அன்னிக்கு நீங்க கேட்ட சான்று வழி மூடிப்போகும். பாரீஸ் இல்லன்னு சொல்லிட்டா அப்புறம் நீங்க எந்த நாட்டுக்காரரும் இல்ல."

எழுதச் சொன்னேன். மையத்தைத் தூக்கியவர்களில் இரண்டு பேர் இன்னும் இந்த ஊரில் இருக்கிறார்கள், அவர்களும் வந்து கையெழுத்துப் போட்டார்கள். கான்சல் முத்திரை வைத்தார். இதைக் காரைக்கால் கோர்ட்டில் கொடுத்தால் போதும், தீர்ப்பு வாங்கி மேரியில் பதியலாம் என்று ஜூல் சொன்னார். பக்கீரின் பிறப்புச் சான்றையும் திருப்பி அனுப்புகிறேன், அது அவளுடையது.

வாத்தியார் போய்விட்டாரா? அவரைத் திரும்பக் கூப்பிட முடியுமா? எழுது.

உன் நானா
நத்தர்ஷா


காரைக்கால்
10 செப்டம்பர் 1963

அன்புள்ள நானாவுக்கு,

இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. உங்கள் ஊரில் ராணுவச் சட்டம், கோயில்களில் போலீஸ் புகுந்தது, மாணவர்களைப் பிடிக்கிறார்கள் என்று ரேடியோவில் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் என் வீட்டுக்காரர் ரேடியோவை நிறுத்தப் போவார், நான் கையைத் தட்டிவிடுவேன். பிழைத்திருந்தால் பதில் போடு.

கோர்ட்டில் தீர்ப்பு ஆகிவிட்டது. மேரியில் தம்பியின் பக்கத்து ஓரத்தில் எழுதினார்கள். எழுதும்போது நஜ்முன்னிசாவும் நானும் நின்றோம். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

உன் கடிதத்தில் தம்பி சைக்கிளை எடுத்துப்போன இடத்தை அவள் என்னை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். நான் பயந்தேன், இனி உன் பெயரையே எடுக்க மாட்டாள் என்று. கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டே, "முத்தலிபுக்கு முழங்கைல தழும்பு இருக்கான்னு கேளுங்க லாத்தா" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

வாத்தியாரைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அவரே கோர்ட் வாசலில் குடையோடு நின்றார், யார் சொல்லித் தெரிந்ததோ. போன வியாழன் நிக்காஹ் நடந்தது. அவள் இப்போது திருநள்ளாறு ரோட்டில் இருக்கிறாள். என் அடுக்களை வெறிச்சென்று இருக்கிறது. சந்தோஷமாகத்தான் இருக்கிறது, ஆனால் வெறிச்சென்று இருக்கிறது.

பாரீசிலிருந்து பதில் வந்ததா? பையன் எங்கே?

ஜெய்த்தூன் பீவி


சைகோன்
6 ஏப்ரல் 1964

அன்புள்ள ஜெய்த்தூனுக்கு,

உன் கடிதங்கள் நாலும் ஒரே கட்டாக வந்து சேர்ந்தன. நவம்பரில் இங்கே ஆட்சி கவிழ்ந்ததும், தெருவில் டாங்கி நின்றதும் நீ கேட்டிருப்பாய். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைக் கண்ணாடி உடைந்தது, வேறு போட்டுவிட்டேன்.

நஜ்முன்னிசாவிடம் சொல், தழும்பு இருக்கிறது.

பாரீஸ் பதில் போன மாதம் வந்தது. நாகூர்க் காகிதத்தையும் வாப்பாவின் சான்றையும் ஏற்றுக்கொண்டார்கள். நான் பிரெஞ்சுக்காரன். என் வழியாக முத்தலிபும் பிரெஞ்சுக்காரன். ஜூல் எழுந்து நின்று கைகொடுத்தார். பிறகு இன்னொரு தாளை நீட்டினார், என்னைப் பட்டாளத்திலிருந்து விடுவிக்கக் கேட்கிறேன் என்று பையன் கையெழுத்துப் போட வேண்டிய தாள். நீங்களும் உங்கள் மனைவியும் பிரான்சுக்குப் போவதாக இருந்தால் இப்போதே பெயர் கொடுத்துவிடுங்கள், ஊர் போகிற போக்கு நன்றாக இல்லை என்றார். பையனைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

பயிற்சி முடிந்து அவனை மித்தோவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். தெற்கே, ஆற்றோர ஊர். ரோட்டில் எங்கே கண்ணிவெடி வைத்திருக்கிறார்களோ என்று பஸ்காரன் மெதுவாக ஓட்டினான். முகாமுக்கு எதிரே ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். ஒரு வருடத்தில் தாடை அகன்றுவிட்டது அவனுக்கு. அவனுக்குக் கீழே முப்பது பேராம். அவர்களில் இரண்டு பேர் வந்து சல்யூட் அடித்துவிட்டுப் போனார்கள். அவனைவிட மூத்தவர்கள்.

இரண்டு தாளையும் கொடுத்தேன். இந்த முறை ஒன்றும் சொல்லிக் கெஞ்சவில்லை. "உன்கிட்டயே கேக்குறேன். நீ சொல்லு" என்றேன்.

பாரீஸ் தாளை மெதுவாகப் படித்தான். "என் பேர முழுசா, தப்பில்லாம எழுதியிருக்காங்க. இங்க யாரும் இப்படி எழுதினதில்ல" என்றான். பிறகு கேட்டான்: "நான் போயிட்டா இந்த முப்பது பேரு?"

"எனக்குத் தெரியல" என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை, ஜெய்த்தூன்.

"உம்மாவக் கூட்டிக்கிட்டு நீங்க கப்பல் ஏறுங்க வாப்பா."

"நீ இல்லாமலா? அவ கடைத்தெருவத் தாண்டுவாளா?"

சிரித்தான். தாடை அகன்றாலும் சிரிப்பு பழையதுதான். காப்பி ஆறிப்போயிற்று. உள்ளே விசில் அடித்தார்கள். எழுந்தான். பேனாவை அவன் பக்கம் நகர்த்தினேன், எடுக்கவில்லை. தாள்களை என்னிடம் தருவான் என்று கையை நீட்டினேன். தரவில்லை. இரண்டையும் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பித்தானைப் போட்டான்.

"ஹஜ்ஜுப் பெருநாளுக்கு லீவு கேட்டிருக்கேன். வந்து சொல்றேன்."

திரும்பி வந்து நபீசாவிடம் நடந்ததைச் சொன்னேன். கையெழுத்துப் போட்டானா என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. பெருநாள் இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. இன்று காலையிலேயே அவன் மெத்தையைத் தூக்கிக் கொண்டுபோய் மாடியில் வெயிலில் போட்டுவிட்டாள்.

உன் நானா
நத்தர்ஷா